பெரியப்பாவின் பழைய ஜப்பான் பாஸ்: பிக்கப் மாற்றவா, கம்பி மாற்றவா, சாயம் அடிக்கவா?

தோட்டத்துப்_பையன் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். என் பெரியப்பா எங்கள் தோட்டத்து இசைக்குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தவர். கல்யாணம், கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விழா என்று ஒன்று விடாமல் போய் வாசித்த குழு அது. பால்மரத்தை அழித்துவிட்டு செம்பனை நட்ட பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக டவுனுக்குப் போய்விட்டார்கள், குழுவும் கலைந்துவிட்டது. போன வருடம் பெரியப்பா காலமானார். பெரியம்மா அலமாரி மேலிருந்து சாரோங்கில் சுற்றிய பாஸை இறக்கி என் கையில் கொடுத்து "நீதான் வாசிக்கிறே, நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டார்.

தலைப் பக்கம் பெயர் எதுவும் இல்லை, ஒட்டியிருந்தது உரிந்த தடம் மட்டும் இருக்கிறது. கழுத்து சேரும் இடத்து இரும்புத் தகட்டில் மேட் இன் ஜப்பான் என்று அச்சு. அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பாஸ் மாதிரியே வடிவம், இரண்டு துண்டாகப் பிரிந்த ஒரே பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் கறுக்கும் சன்பர்ஸ்ட் நிறம். 1970களின் நடுவில் ஈப்போவில் வாங்கியதாக அப்பா சொல்கிறார். என் நண்பன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு "இது லாசூட் பாஸ், மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) போகும்" என்கிறான், அது உண்மையா என்றும் தெரியவில்லை.

பிரச்சினை இதுதான். மெல்லிய டி, ஜி கம்பிகள் நன்றாகக் கேட்கின்றன. தடித்த இ, ஏ இரண்டும் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல மெலிதாக வருகின்றன. அதோடு ஒரு இரைச்சல், நான் எந்தத் திசையில் திரும்பி நிற்கிறேனோ அதைப் பொறுத்துக் கூடுகிறது, குறைகிறது. கம்பிகள் முழுக்கத் துரு. சாயம் கையூன்றும் இடத்தில் மங்கிப்போய், ஓரங்களில் சில்லு பெயர்ந்திருக்கிறது.

கையில் அறுநூறு வெள்ளி இருக்கிறது. புது பிக்கப் ஒன்று (குவார்ட்டர் பவுண்ட் என்ற வகை நல்லது என்கிறார்கள்), ரவுண்ட்வூண்ட் கம்பி ஒரு செட், அப்புறம் தெரிந்த காடிப் (கார்) பட்டறையில் கொடுத்து எல்லாச் சாயத்தையும் சுரண்டிக் கறுப்பு அடிப்பது, இதுதான் என் திட்டம். கோயில் திருவிழாவுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அன்று இதில்தான் வாசிக்க வேண்டும். சரியான வழியில்தான் போகிறேனா?

ஈயக்கம்பி (தைப்பிங்)

தம்பி, பிக்கப்புக்குக் காசு கொடுக்காதீர்கள், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். நீங்கள் எழுதிய இரண்டு அறிகுறியும் சேர்ந்து ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன.

ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் 1951இல் வந்தபோது அதற்கு ஒற்றைச் சுருள் பிக்கப்தான். 1957இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள், ஒரு துண்டு இ, ஏ கம்பிகளுக்கு, மற்றது டி, ஜிக்கு. இரண்டின் காந்தமும் எதிரெதிர், சுருளின் போக்கும் எதிரெதிர், இரண்டும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அதனால் கம்பியின் ஒலி சேர்ந்து வரும், விளக்கிலிருந்தும் மின்மாற்றியிலிருந்தும் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். உங்களுடையதில் ஒரு துண்டு மட்டும் வேலை செய்கிறது. அதனால்தான் இரண்டு கம்பி மெலிந்துவிட்டது, அதனாலேயே இரைச்சலும் வந்திருக்கிறது. திசைக்குத் திசை இரைச்சல் மாறுவது ஒற்றைச் சுருளின் குணம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சுருளின் கம்பி உள்ளே அறுந்திருந்தால், தொடர் இணைப்பு என்பதால் நான்கு கம்பியுமே ஏறக்குறைய ஊமையாகியிருக்கும். உங்களுக்கு இரண்டு நன்றாகக் கேட்கிறது, அப்படியென்றால் சுருள் அறுந்துபோகவில்லை, எங்கேயோ ஒரு துண்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. இரண்டு துண்டையும் இணைக்கும் சின்ன வயர் ஒன்று உண்டு, அது எர்த்தைத் தொட்டால் இதேதான் நடக்கும்.

கேபிளைக் கிட்டாரில் சொருகி, வால்யூம், டோன் இரண்டையும் முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உறைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து ஓம் எவ்வளவு என்று பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். பாதிதான் வருகிறது என்றால் நான் சொன்னதுதான். மீட்டர் இல்லையென்றால் ஹார்ட்வேர் கடையில் முப்பது வெள்ளிக்குள் கிடைப்பதே போதும்.

லாசூட் விஷயம், அதாவது வழக்கு விஷயம்: 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றவர்கள்மேல் வழக்குப் போட்டது, கிட்டாரின் தலை வடிவம் பற்றிய வழக்கு. பிரிசிஷன் மாதிரி செய்த பாஸுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. விற்கிறவர்கள் எழுபதுகளின் எல்லா ஜப்பான் நகலுக்கும் அந்தப் பெயரை ஒட்டி விலையை ஏற்றுகிறார்கள். அன்று ஒரே தொழிற்சாலை பல பெயர்களில் செய்து அனுப்பியது, மட்சுமோகு, ஃபுஜிகென் இரண்டும் அப்படித்தான். அதனால் பெயர் இல்லை என்று வருத்தப்படவும் வேண்டாம், மூவாயிரம் என்று நம்பவும் வேண்டாம். கையில் எடுத்து வாசித்துப் பார்த்துத்தான் அதன் தரம் தெரியும்.

தோட்டத்துப்_பையன்

அண்ணே, மீட்டர் வாங்கிப் பார்த்துவிட்டேன். 5.4 கிலோ ஓம்தான் காட்டுகிறது!! பாதிதானே? பிக்கார்டை (முன்பக்கத்து மூடித் தகடு) கழற்றப் பயமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருக்கும்போது திறக்கிறேன்.

நாலுகம்பி_அக்கா (பகாவ்)

ஈயக்கம்பி அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள், நான் கம்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தம்பி, உங்கள் குழு என்ன பாட்டு வாசிக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. பக்திப் பாடல், எண்பதுகளின் திரைப்பாட்டு என்றால் ரவுண்ட்வூண்ட் வேண்டாம், ஃப்ளாட்வூண்ட் போடுங்கள். ரவுண்ட்வூண்டில் மேலே சுற்றிய கம்பி உருண்டை, விரல் நகரும்போது கரகரவென்று சத்தம், நுனியில் ஒரு கிணுகிணுப்பு. ஃப்ளாட்வூண்டில் மேலே சுற்றியிருப்பது பட்டையான நாடா, தடவினால் வழவழப்பு, ஒலி கட்டையாக, உருண்டு, தபேலாவுக்குக் கீழே போய் உட்காரும். பழைய பாட்டில் பாஸ் தனியாகப் பாடுகிற மாதிரி ஒரு ஓட்டம் வருமே, அதற்கு இதுதான் சரிப்படும்.

இன்னொன்று நம் ஊர்க் காற்று. எனக்குக் கை அதிகம் வியர்க்கும், ரவுண்ட்வூண்ட் இரண்டு மாதத்தில் செத்துவிடுகிறது, வியர்வையும் அழுக்கும் சுற்றுக்கு நடுவே புகுந்துகொள்கிறது. ஃப்ளாட் போட்டு நான்கு வருடம் ஆகிறது, இன்னும் மாற்றவில்லை. வாங்கும்போது விலை கூடுதல், ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தேன், ஆனால் கணக்குப் பார்த்தால் இதுதான் மலிவு.

ஆனால் எந்த ஃப்ளாட் என்பது முக்கியம். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு கம்பெனிப் பாட்டுகளுக்கெல்லாம் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லா ஃப்ளாட் போட்டிருந்தார், 52 முதல் 110 வரை தடிமன் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு), கம்பியை மாற்றவே மாட்டார் என்று எல்லா இடத்திலும் படிப்பீர்கள், படித்துவிட்டு அதையே வாங்கிவிடாதீர்கள். அந்தத் தடிமனுக்கு இழுவை ரொம்ப அதிகம், ஐம்பது வருடக் கழுத்து தாங்குமா என்று சோதித்துப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். 45 முதல் 105 வரை உள்ள சாதாரண செட் போதும். கழுத்து பலவீனமாகத் தெரிந்தால் வியன்னாவில் செய்கிற தோமாஸ்டிக் ஃப்ளாட் இழுவை குறைவு, விலைதான் கையைக் கடிக்கும்.

வாங்குமுன் நட்டிலிருந்து (தலைப் பக்கம் கம்பி உட்காரும் துண்டு) பன்னிரண்டாம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள், 34 அங்குலம் வந்தால் லாங் ஸ்கேல், அந்த நீளத்துக்கான செட் வாங்குங்கள். போடும்போது முக்கியமானது: அதிகமாக உள்ள கம்பியை வெட்டுவதற்கு முன் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் செங்குத்தாக மடக்கிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்நாடா உள்ளே நழுவிக் கம்பி உயிர் இல்லாமல் போய்விடும், என் முதல் செட்டின் ஏ கம்பி அப்படித்தான் போனது.

சாயம் விஷயத்தில் எனக்கு உங்கள் பக்கம்தான் மனசு. நான் என் பழைய பாஸைச் சுரண்டி எண்ணெய் மட்டும் தேய்த்து வைத்திருக்கிறேன், இன்றுவரை அதை எடுத்து வாசிக்கும்போதெல்லாம் சந்தோஷம். வாசிக்கிற பொருள் வாசிக்கிறவருக்குப் பிடித்த மாதிரி இருக்கலாம்.

சாயப்பட்டறை (கோலக்கங்சார்)

நான் காடிக்குச் சாயம் அடிக்கிறவன், இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில், கிட்டாரும் ஏழெட்டு அடித்திருக்கிறேன். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, எண்ணெய் தேய்ப்பதற்குக் கீழே நல்ல மரம் இருக்க வேண்டும். எழுபதுகளின் ஜப்பான் நகல்களில் பலவற்றின் உடல் பலகை ஒட்டுப்பலகைதான், இல்லையென்றால் மூன்று நான்கு துண்டு ஒட்டியது. சன்பர்ஸ்ட் ஓரத்தில் கறுப்பு அடிப்பதே பல நேரங்களில் அந்த ஒட்டை மறைக்கத்தான். தம்பி பிக்கார்டைத் திறக்கும்போது குழியின் பக்கச் சுவரைப் பாருங்கள், அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டுப்பலகை. அதைச் சுரண்டினால் கீழே அழகாக எதுவும் வரப்போவதில்லை.

அடுத்தது அந்தச் சாயம். அந்தக் காலத்து ஜப்பான் பாஸில் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன், கண்ணாடி மாதிரி தடிப்பாக ஊற்றியிருப்பார்கள். சாயம் கழற்றும் மருந்து அதைச் சுலபத்தில் தொடாது. ஹீட் கன் வைத்துச் சூடாக்கிப் பெயர்க்க வேண்டும், ஒட்டுப்பலகை என்றால் சூட்டில் பசையும் சேர்ந்து விட்டுப்போகும். உரசியே எடுக்கலாம் என்றால் நாள்கணக்கில் வேலை, ஓரத்து வளைவெல்லாம் கை அழுத்தத்தில் மாறிவிடும், வடிவம் கெட்ட பாஸை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வாடிக்கையாளருக்கு அப்படி ஆகி நானே பார்த்திருக்கிறேன்.

சிலர் நைட்ரோ லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் சாயம்) அடிக்கச் சொல்வார்கள். நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் கறுத்தாலே அதை அடிக்க முடியாது, காற்றில் உள்ள ஈரம் சாயத்துக்குள் மாட்டிக்கொண்டு பால் ஊற்றின மாதிரி வெள்ளையாகிவிடும். நல்ல வெயிலில் அடித்தாலும் இறுகுவதற்கு வாரக்கணக்கில் தொங்கவிட வேண்டும், திருவிழாவுக்குள் முடித்துப் பாலிஷ் போடுவது கஷ்டம். பிறகு கிட்டார் ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடமெல்லாம் உருகிப் பிசுபிசுக்கும். காடிக்கு அடிக்கும், ஹார்ட்னர் கலந்து இறுகும் டூ-கே சாயம் இதற்குத் தாங்கும், ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாய்க்கு விஷம். சாதாரணத் துணி முகமூடியோடு வீட்டுக் கொல்லையில் அடிக்கவே கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், என்னோடு வேலை பார்த்த ஒருவர் இன்று படி ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறார்.

என் யோசனை, சாயத்தைத் தொடாதீர்கள். லைட்டருக்கு ஊற்றும் நாப்தாவைத் துணியில் நனைத்து அழுக்கை எடுங்கள், சாயத்துக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் நெருப்பு மட்டும் இருக்கக் கூடாது. பிறகு சிலிக்கோன் இல்லாத மெல்லிய ரப்பிங் காம்பவுண்ட் கொண்டு கையால் தேயுங்கள், மெஷின் வேண்டாம். சிலிக்கோன் உள்ளதைத் தேய்த்துவிட்டால் பிற்காலத்தில் யாராவது சாயம் அடிக்கும்போது மீன்கண் மாதிரி குழி குழியாக வரும். சில்லு பெயர்ந்த ஓரத்தில் ஒரு சொட்டு சூப்பர் குளூ, காய்ந்ததும் உரசிச் சமப்படுத்தலாம், மரத்துக்குள் ஈரம் போகாது. கறுப்புதான் வேண்டுமென்றால் புது பிக்கார்ட் ஒன்று கறுப்பில் வெட்டிப் போடுங்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பாதி பாஸ் கறுப்பாகிவிடும், பழையதைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம்.

நாலுகம்பி_அக்கா

கோபமெல்லாம் இல்லை அண்ணா. என்னுடையது ஒரே துண்டு மரம், அதனால் தப்பித்தது. ஒட்டுப்பலகை என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி.

பழைய_ஆர்கெஸ்ட்ரா (தெலுக் இந்தான்)

எனக்கு அறுபத்தெட்டு வயது. உங்கள் பெரியப்பா மாதிரி நானும் தோட்டத்துக் குழுவில் வாசித்தவன். லோரியின் பின்னால் ஆம்ப், டிரம், ஆர்மோனியம் எல்லாம் ஏற்றிக்கொண்டு மண்சாலையில் போவோம், மழை வந்தால் முதலில் நனையாமல் மூடுவது பாஸைத்தான், அதற்குப் பிறகுதான் எங்களை. கம்பி மாற்றியது கிடையாது. அறுந்தால் ஒன்று வாங்குவோம், அதுவும் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ யாராவது போகும்போது. மங்கின கம்பியைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும், அதையும் செய்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. பிரிட்ஜுக்கு (உடலில் கம்பியின் அடிமுனை மாட்டும் இடம்) பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஒரு சின்ன பஞ்சுத் துண்டு வைத்துப் பாருங்கள். பழைய ஃபெண்டரில் பிரிட்ஜ் மூடிக்குள் இதற்கென்றே பஞ்சு ஒட்டி வந்தது. ஒலி நீண்டு இழுக்காமல் தும் என்று அடித்து நிற்கும். கோயில் மண்டபத்தில் தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நீளும் பாஸ் ஒலி அங்கே சுற்றிச் சுற்றி வந்து பாடுகிறவரின் வார்த்தையை விழுங்கிவிடும். பஞ்சு வைத்தால் மேளக்காரரோடு சேர்ந்து நிற்கலாம். காசு செலவில்லை, பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம்.

சாயத்தைச் சுரண்டாதீர்கள் ஐயா. கையூன்றிய இடத்தில் மங்கியிருக்கிறது என்றீர்களே, அது அவர் கை.

தோட்டத்துப்_பையன்

திறந்துவிட்டோம். அப்பாவும் நானும், கூட பெரியம்மாவும் உட்கார்ந்து பார்த்தார்.

பிக்கார்டைத் தூக்கியதும் உள்ளே பச்சையாக ஏதோ மின்னியது. பெரியப்பா ஒரு மைலோ டின்னை வெட்டி விரித்துக் குழி முழுக்கப் பதித்து, அதில் ஈயம் வைத்து எர்த் வயரை இணைத்திருக்கிறார். எழுத்துகூட இன்னும் தெரிகிறது. பெரியம்மா பார்த்ததும் "எம் மைலோ டின்னைக் காணோம்னு தேடினேனே, இங்கதான் வெச்சிருந்தாரா" என்று சிரித்தார், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தத் தகரத்தின் ஓரம்தான் இரண்டு துண்டையும் சேர்க்கும் வயரில் அழுந்தி, அதன் துணியுறையை அறுத்துத் தொட்டுக்கொண்டிருந்தது. வயரை விலக்கிப் பிடித்தபடியே மீட்டர் வைத்தேன், 10.8! ஈயக்கம்பி அண்ணே, நீங்கள் தைப்பிங்கிலிருந்தே பார்த்துவிட்டீர்கள். இப்போது அந்த டின்னை எடுத்துவிட்டு செம்புத் தகடு ஒட்டவா, அப்படியே விடவா? வால்யூம், டோன் பாட் (திருகு குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) இரண்டும் திருகும்போது கரகரக்கிறது, அதையும் மாற்ற வேண்டுமா?

பக்கச் சுவரில் அடுக்குக் கோடு தெரிகிறது, ஒட்டுப்பலகைதான். பிக்கார்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தில் சிவப்பு அப்படியே ரத்தச் சிவப்பாக இருக்கிறது, வெளியே எல்லாம் பழுப்பு மஞ்சளாகிவிட்டது. சுரண்டுகிற யோசனையை விட்டுவிட்டேன். கறுப்பு பிக்கார்டும் வேண்டாம்.

ஈயக்கம்பி

ரொம்ப சந்தோஷம் தம்பி! அந்த டின்னை எடுக்காதீர்கள். இரைச்சலைத் தடுக்கச் செம்புதான் வேண்டும் என்றில்லை, எர்த்தோடு சேர்ந்த எந்த உலோகத் தகடும் அந்த வேலையைச் செய்யும், டின் தகரத்தில் ஈயமும் நன்றாகப் பிடிக்கும், உங்கள் பெரியப்பா அதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார். ஓரங்களுக்கு மட்டும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். அந்த வயரை மாற்றி, மேலே சுருங்கும் ரப்பர் குழாய் போட்டுச் சூடு காட்டுங்கள். பிக்கப்பின் மெல்லிய சுருள் கம்பியை மட்டும் கை தவறித் தொட்டுவிடாதீர்கள், தலைமுடியைவிட மெல்லியது, அறுந்தால் திரும்பச் சுற்றத்தான் வேண்டும்.

பாட்களை மாற்றுமுன் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு உள்ளே அடித்து இருபது முப்பது முறை திருகுங்கள், பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் 250 கே மதிப்பில் வாங்குங்கள், ஆனால் அமெரிக்க சிடிஎஸ் பாட் வேண்டாம், அதன் கழுத்து ஏறக்குறைய ஒன்பதரை மில்லிமீட்டர், ஜப்பான் ஓட்டை அதைவிடச் சின்னது, பிக்கார்டைத் துளைத்துப் பெரிதாக்க வேண்டி வரும். மெட்ரிக் அளவில் சின்ன பாட் கிடைக்கும். டோனுக்கு 0.047 கப்பாசிட்டர் உள்ளே இருந்தால் அதுவே போதும், விலை கூடிய கப்பாசிட்டருக்குச் செலவு செய்யாதீர்கள்.

தோட்டத்துப்_பையன்

கிளீனரிலேயே சரியாகிவிட்டது. ஃப்ளாட்வூண்ட் 45-105 சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வரும். கடைசிக் கேள்வி, கழுத்தைச் சரிபார்ப்பது எப்படி? தலைப் பக்கம் திருகாணி எதுவும் இல்லையே.

ஈயக்கம்பி

அப்படியென்றால் டிரஸ் ராடின் (கழுத்து வளையாமல் உள்ளே தாங்கும் இரும்புக் கம்பி) திருகாணி கழுத்தின் அடிப்பக்கம், உடலோடு சேரும் இடத்தில் இருக்கும். புதுக் கம்பி போட்டு, ஸ்ருதி சேர்த்து, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள், இழுவைக்குக் கழுத்து உட்கார வேண்டும். பிறகு இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவே ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். ஒரு தடித்த பெயர் அட்டை நுழைந்தால் சரி, தொடவே வேண்டாம். இடைவெளி அதைவிட அதிகமென்றால் கம்பியைத் தளர்த்தி, கழுத்தின் நான்கு திருகாணியையும் கழற்றி, ராடின் திருகாணியை வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருகி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, மறுநாள் பாருங்கள். திருகாணி அசையாமல் அடம் பிடித்தால் பலம் கொடுக்காமல் தைப்பிங்குக்கு எடுத்து வாருங்கள், சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.